கரகரப்பு அழுக்கா, தேய்மானமா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பழைய அம்பாசடர் 5500சி பெய்ட்காஸ்டிங் ரீல் ஒன்று 3,500 ரூபாய்க்கு வருகிறது. கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். வீசினால் ஒவ்வொரு தடவையும் நரம்பு சிக்கிக்கொள்கிறது. கண்மாயில் விரால் பிடிக்க வேண்டும். வாங்கி நானே சரிசெய்யலாமா, இல்லை அந்தக் காசுக்குப் புது சீன ரீல் வாங்கிவிடலாமா?" ரீல் என்பது தூண்டில் கழியில் மாட்டி, நரம்பை, அதாவது தூண்டில் இழையைச் சுற்றிவைக்கும் கருவி. பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான்: அந்தக் கரகரப்பு அழுக்கா, தேய்மானமா? அழுக்கு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். தேய்மானம் என்றால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். அது கிடைத்து வந்து சேரும்போது ரீல் விலையை எட்டிப் பிடித்திருக்கும். காசு கொடுப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். முடியாத இடம் எது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தூண்டிலில் நான் பெரிய ஆள் இல்லை. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். மதுரையில் அப்பா போட்ட மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரங்கள் குவிந்த காலம் போய், பேட்டரி மாற்றுவதே பிழைப்பு என்று ஆன சமயம், வைகை அணைப் பக்கம் தூண்டில் போடும் வாடிக்கையாளர் ஒருவர் கைக்குட்டையில் எதையோ முடிந்து கொண்டுவந்தார். அவிழ்த்தால் ஒரு ரீல், துண்டு துண்டாக. "சின்னப் பல்சக்கரம்னா உங்ககிட்டதானண்ணே வரணும்" என்றார். அதை மாட்டி முடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இது எங்கள் தொழிலின் பங்காளி வீடுதான் என்று. பல்சக்கரம் வைத்த ரீலை முதலில் செய்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் ஜார்ஜ் ஸ்னைடர், அமெரிக்காவின் கென்டக்கியில் 1820 வாக்கில் கடிகார வேலையும் வெள்ளி வேலையும் பார்த்தவர். அம்பாசடர் செய்கிற அபு கம்பெனி 1921-ல் ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் தொடங்கியது. அதன் முழுப் பெயரின் பொருளே கடிகாரத் தொழிற்சாலை. ரீலுக்கு வருவதற்கு முன் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்பின்னிங் ரீல் என்ற இன்னொரு வகையில், வீசும்போது ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றிய உருளை அசையாது, நரம்பு அதன் மேலிருந்து வளையம் வளையமாகக் கழன்று போகும். பெய்ட்காஸ்டரில், அதாவது 5500சி மாதிரி ரீலில், ஸ்பூலே சுழல வேண்டும். தூண்டில் இரை காற்றில் வேகம் குறையும்போதும் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றினால், போக இடமில்லாத நரம்பு உள்ளேயே சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும். ஆகவே இந்த ரீலில் இரண்டு தனித்தனி உலகம் உண்டு. வீசும்போது வேலை செய்வது ஸ்பூல், அதன் பேரிங்குகள், பிரேக். சுற்றி இழுக்கும்போது வேலை செய்வது பெரிய கியர், அதோடு பல் சேரும் சின்னக் கியரான பினியன், மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் ட்ராக் வாஷர்கள், நரம்பைப் பரப்பிச் சுற்றும் லெவல் வைண்ட். உங்கள் இரண்டு புகாரும் இரண்டு உலகத்தைச் சேர்ந்தவை. கரகரப்புக்கும் சிக்கலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் "ரீலே போச்சு" என்று விற்பவர்கள் நிறைய. அப்படி விற்பவர்களிடம் வாங்குவதில்தான் லாபமே.

ரீலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது திருகுகளின் தலை. வெள்ளி மாதிரிப் பளபளப்பதையோ பெயர் எழுதியிருக்கும் அழகையோ பார்ப்பதில்லை. திருகின் வெட்டு சிதைந்து, ஓரம் பிய்ந்திருந்தால், பொருந்தாத திருப்புளியால் யாரோ பிரித்திருக்கிறார்கள். அப்படிப் பிரித்தவர் எல்லாவற்றையும் திரும்ப வைத்தார் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெளியே அழுக்கேறி, திருகுத் தலை மட்டும் புதுசு போல இருக்கிற ரீலை நான் சந்தோஷமாக வாங்குவேன். அது பயன்படுத்தப்பட்டிருக்கிறது, நோண்டப்படவில்லை.

அடுத்து உங்கள் கரகரப்பு. நட்சத்திர வடிவ ட்ராக் சக்கரத்தை இறுக்கிவிட்டு, கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு நாலைந்து விநாடி ஆகட்டும். கண்ணை மூடிக்கொண்டால் நல்லது, விரல் நன்றாகக் கேட்கும். சுற்று முழுவதும் ஒரே மாதிரி, மணலை அரைப்பது போல இருந்தால் அது காய்ந்த கிரீஸ், மண், அல்லது வறண்ட பேரிங். இதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் 'டக்' என்று தட்டினால் எண்ணத் தொடங்குங்கள். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஒரே தட்டு என்றால் பெரிய கியரில் ஒரு பல் அடிபட்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து தட்டு என்றால் குற்றவாளி பினியனோ ஸ்பூலோடு சுற்றும் பேரிங்கோ. காரணம் எளிது: 5500சி-யின் விகிதம் 4.7-க்கு 1, கைப்பிடி ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் 4.7 முறை சுற்றும். பழைய 5000 என்றால் 3.6 தான், அதில் மூன்று நான்கு தட்டு வரும். கைப்பிடிச் சுற்றோடு சேராமல், நரம்பு வழியும் அந்தக் குட்டி வளையம் ஒரு ஓரத்தை எட்டித் திரும்பும்போது மட்டும் முரண்டு பிடித்தால் அது லெவல் வைண்ட் கோளாறு, அநேகமாக மலிவானது. கடிகாரத்தில் எந்தச் சக்கரம் நிற்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்வதும் இதே எண்ணிக்கைதான்.

சும்மா சுற்றிப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஐந்தாறு வருடம் முன்பு, போனில் படம் பார்த்து, 'ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தியது' என்ற பேச்சை நம்பி ஒரு தட்டையான ஜப்பான் ரீல் வாங்கினேன். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. நரம்பு ஏற்றி, நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தவுடன் கியர் 'கறக்' என்று வழுக்கியது. பிரித்தால், பெரிய கியர் நிறைய கெட்டி கிரீஸ் அப்பி, தேய்ந்த பல்லை மறைத்திருந்தார்கள். மோட்டார் வண்டி கியர்பாக்ஸில் வாழைப்பழம் போட்டு விற்ற கதைகளைக் கேட்டுச் சிரித்தவன் நான். அன்றிலிருந்து பாரம் கொடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. நீங்களும் நரம்பின் நுனியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோ. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றித் தூக்குங்கள். கியர் நன்றாக இருந்தால் கனமாக, ஆனால் சீராக ஏறும். தேய்ந்திருந்தால் குதிக்கும், வழுக்கும்.

பாட்டில் தொங்கும்போதே கைப்பிடியை விட்டுப் பாருங்கள். பின்னோக்கிச் சுற்றக் கூடாது. 5500சி மாதிரி பழைய ரீலில் தடுப்புக் கொக்கி அடுத்த பல்லில் விழும் வரை கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது பழுதல்ல. புதிய ரீல்களில் உருளை வைத்த ஒருவழி பேரிங் இருப்பதால் ஆட்டமே இருக்கக் கூடாது. அந்த வகை வழுக்கினால் உடனே ஒதுக்காதீர்கள். உள்ளே யாராவது கிரீஸ் போட்டிருப்பார்கள். உருளைகள் பிடிமானத்தை நம்பி வேலை செய்பவை, கிரீஸ் பட்டால் சறுக்கத்தான் செய்யும். கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் லேசாகத் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். உருளையோ அது உட்காரும் தண்டோ தேய்ந்திருந்தால் கழுவியும் பயனில்லை.

பிறகு பொத்தானை அழுத்தி ஸ்பூலை விடுவித்து, பக்கத்திலிருக்கும் இறுக்கு குமிழைத் தளர்த்தி, விரலால் ஸ்பூலை ஒரு சுண்டு சுண்டுங்கள். ஸ்பூல் விளிம்பு ஆடாமல், சத்தமில்லாமல், தானாகவே மெதுவாகி நிற்க வேண்டும். கீச்சென்று கத்தினால் பேரிங் வறண்டிருக்கிறது. சட்டென நின்றால் துரு அல்லது கெட்டி எண்ணெய். விளிம்பு தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கலாம், அதை வாங்காதீர்கள். நிமிர்த்தித் தருகிறேன் என்று லேத்துக்காரர் சொல்வார், நானும் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன், அந்த ரீல் இன்றும் பெட்டியில்தான் தூங்குகிறது. நரம்பு வழியும் வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள். இழை பிடித்தால் உள்ளே கீறல் உண்டு, அது பிரெய்டு நரம்பை, அதாவது பல இழை சேர்த்துப் பின்னிய நரம்பை அறுத்துவிடும்.

உப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையில் கைமாறும் ரீல்களில் கண்மாய், அணை என்று நல்ல தண்ணீரில் வாழ்ந்தவை உண்டு. தூத்துக்குடி, மண்டபம், தொண்டிப் பக்கம் பாறை மீனும் கொடுவா மீனும் இழுத்துவிட்டு வந்தவையும் உண்டு. இரண்டாவது வகையை அடையாளம் காண ரீலின் கால் உடம்போடு சேரும் இடுக்கைப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. பித்தளைப் பாகங்களில் பச்சை பூத்திருக்கும். மேலாகப் பூத்தது என்றால் பல்குத்தும் குச்சியாலும் பழைய டூத்பிரஷாலும் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய இடத்தில் குழி இருந்தால் குழி இருந்ததுதான், அது நிரம்பாது. கடல் ரீல் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த கடல் ரீல், வண்டிப் பெட்டிக்குள் மண்ணோடு கிடந்த கண்மாய் ரீலைவிட மேல்.

அபு ரீல் என்றால் காலின் அடியில் ஒரு எண் அடித்திருப்பார்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்தவற்றில் பொதுவாக முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 7804 என்று தொடங்கினால் 1978 ஏப்ரல். 'தாத்தா காலத்து ரீல்' என்று விலை ஏற்றும்போது இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கால் மட்டும் வேறு ரீலிலிருந்து மாற்றியிருந்தால் இந்த எண் பொய் சொல்லும். இந்தக் குடும்பத்தில் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதுதான் இதன் பெரிய பலம். அதே காரணத்தால்தான் மூன்று ரீலைச் சேர்த்து ஒரு ரீல் ஆக்கியதும் சந்தையில் சுற்றுகிறது.

சரி, வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரிப்பதற்கு முன் சமையலறையிலிருந்து ஒரு இட்லித் தட்டு வேண்டும். துணி போட்டு ஊற்றுகிற தட்டு வேண்டாம், ஓட்டை இல்லாத குழித்தட்டு. முதல் குழியில் முதலில் கழன்றது, இரண்டாவதில் அடுத்தது என்று வரிசையாக வையுங்கள். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது படத்தில் தெரியும், ஞாபகத்தில் இருக்காது. இடது கைப்பிடி ரீல் என்றால் கைப்பிடி நட்டின் மரை எதிர்த்திசையில் இருக்கலாம், முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டாமல் திசையை மாற்றிப் பாருங்கள். பினியனைத் தாங்கும் கவையின் மேல் இரண்டு குட்டி ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். கவையைத் தூக்கியவுடன் அவை வெட்டுக்கிளி மாதிரிப் பறக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு அந்த வேலையைச் செய்யுங்கள். நான் ஒன்றைப் பறக்கவிட்டு, ராத்திரி முழுக்கத் தேடி, மறுநாள் கூட்டிய குப்பையில் கண்டெடுத்தேன்.

கழுவுவதில் ரகசியம் ஒன்றுமில்லை. உலோகப் பாகங்களில் கெட்டிப்பட்ட கிரீஸுக்குப் பெட்ரோல், சின்னப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில். உடம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பிரஷும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். பித்தளையைப் பார்த்ததும் நம் ஊரில் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி. கியரில் புளியைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், ஆனால் பல் இடுக்கில் தங்கும் புளிப்பு அங்கேயே உட்கார்ந்து அரிக்கும். கியர் பளபளக்கத் தேவையில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த நகைப்பட்டறை இருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்து நிமிடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை.

லெவல் வைண்டைத் தனியாகக் கவனியுங்கள். ஒரு தண்டில் குறுக்கும் மறுக்குமாக வெட்டிய மரை, அதற்குள் ஓடும் குட்டிக் கொக்கி. அந்தக் கொக்கிக்கு ஆங்கிலத்தில் 'பால்' என்று பெயர். கடையில் போய்க் கேட்டால் ஆவின் பூத்தைக் காட்டுவார்கள். மரைக்குள் அழுக்கு இறுகியிருக்கும், பிரஷ் போகாது. வீட்டில் பூக்கட்டும் நூல் இருக்குமே, அதை இரண்டாக முறுக்கி மரைக்குள் சுற்றி இழுத்தால் கறுப்புக் களிம்பு நூலோடு வரும். வெள்ளையாக வரும் வரை நூலை மாற்றுங்கள். கொக்கியின் நுனியை லென்ஸில் பாருங்கள். புதியதில் நுனி மழுங்கிய வளைவாக, இரு பக்கமும் சமமாக இருக்கும். ஒரு பக்கம் கத்தி மாதிரிக் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஓரத்தில் முரண்டு பிடிக்கும் ரீல்களில் நான் கண்ட பாதி இதனால்தான்.

பேரிங்குக்கு அசல் உதிரி தேடி மாய வேண்டாம். அளந்து பாருங்கள். ஸ்பூல் பேரிங் பல ரீல்களில் உள்விட்டம் 3, வெளிவிட்டம் 10, தடிமன் 4 மில்லிமீட்டர். பேரிங் கடையில் இதற்கு 623 என்று எண். 5, 11, 4 என்று இருந்தால் எம்.ஆர்.115. எண்ணைச் சொன்னால் கிடைக்கும். ஆனால் கடையில் கிடைப்பது மோட்டாருக்கான கெட்டி கிரீஸ் நிரப்பியது, அப்படியே போட்டால் ஸ்பூல் சோம்பேறி ஆகிவிடும். பெட்ரோலில் குலுக்கி கிரீஸை எடுத்து, காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கடல் பக்கம் போவதானால் துருப்பிடிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேரிங்கையும் இதே மாதிரி கழுவி, பென்சில் முனையில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். கழுவிய பிறகும் கரகரத்தால் குப்பைக்கு.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். என்னிடம் வந்த ரீல்களில் பலவற்றில் தேங்காய் எண்ணெய் இருந்தது. சித்திரையில் நன்றாகத்தான் சுற்றும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது மார்கழியில் தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரையில் நிற்கிறவருக்கு மட்டும் அது மறந்துவிடுகிறது. நாளானால் பிசினாகவும் ஆகும். தையல் மிஷின் எண்ணெய் போதும், நல்லதே. கியருக்கு மெல்லிய கிரீஸ், சின்ன பிரஷால், பல் தெரிகிற அளவுக்குத்தான். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம். ட்ராக்கில் கறுப்பு கார்பன் வாஷர் என்றால் காய்ந்தபடியும் விடலாம், ட்ராக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவியும் போடலாம். இதில் இரண்டு கட்சி உண்டு. நான் தடவுகிற கட்சி. இழுக்கும்போது திடீரென்று பிடித்துப் பிடித்து விடுவது குறைகிறது என்பது என் அனுபவம், காய்ந்ததே சிறந்தது என்பவர்களிடம் சண்டைக்குப் போகமாட்டேன்.

இப்போது உங்கள் குருவிக்கூட்டுக்கு வருகிறேன். 5500சி-யின் பக்கத் தட்டைப் பிடித்திருக்கும் கைத்திருகுகளைக் கழற்றினால் தட்டு பிரிந்து வரும், கருவி எதுவும் வேண்டாம். உள்ளே, சுழலும் பாகத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அரிசி அளவில் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள் இருக்க வேண்டும். ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது அவை வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசி வேகத்தைக் குறைக்கும். அதுதான் பிரேக். பழைய ரீல்களில் இந்தக் கட்டைகள் அடிக்கடி காணாமல் போயிருக்கும். யாரோ சுத்தம் செய்யத் திறந்தபோது விழுந்திருக்கும், விழுந்ததே தெரிந்திருக்காது. அல்லது உரசும் வளையத்தில் எண்ணெய் வழிந்திருக்கும். முதலாவது என்றால் கட்டை வாங்கிப் போட வேண்டும். இரண்டாவது என்றால் துடைத்தால் தீர்ந்தது. பேனா ரீஃபில் குழாயை நறுக்கிப் போட்டு நான் ஒருமுறை சமாளித்தேன். இரண்டு துண்டும் ஒரே எடை இல்லாவிட்டால் ஸ்பூல் அதிர்கிறது, எனவே அதை வைத்தியம் என்று சொல்லமாட்டேன். கட்டைகள் இருந்து, வளையமும் சுத்தமாக இருந்து, அப்போதும் சிக்கினால் கோளாறு ரீலில் இல்லை, கட்டைவிரலில்.

அதற்கும் வழி உண்டு. முள் இல்லாத 15 கிராம் ஈயக் குண்டைக் கட்டி, தூண்டில் கழியைக் கிடையாகப் பிடித்து, பொத்தானை அழுத்துங்கள். குண்டு மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி இறுக்கு குமிழைத் திருகுங்கள். குண்டு மாறினால் குமிழும் மாறும். முதல் வாரம் தூரத்துக்கு ஆசைப்படாமல் மொட்டை மாடியில் பழகுங்கள். வைகையில் தண்ணீர் இல்லாத இடம் பரந்து கிடக்கிறதே என்று அங்கே போக வேண்டாம், கழுவி மாட்டிய ரீலுக்குள் முதல் நாளே மணல் போய்விடும். நரம்பை ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். பிரெய்டு ஏற்றுவதானால் அடியில் பத்துச் சுற்று தங்கூசி நரம்பு, அதாவது ஒற்றை இழை நைலான் போட்டுவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது நரம்புக் கட்டு மொத்தமும் ஸ்பூலில் வழுக்கும். ட்ராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் கை வைக்காதவையும் உண்டு. சிப் வைத்துப் பிரேக் பிடிக்கும் டிசி ரீல்களின் மின்சுற்றைத் தொடமாட்டேன். விரிசல் விட்ட சட்டத்தை ஒட்டமாட்டேன். மேல் நிறம் போன அலுமினியத்தைப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த நிறம் வெறும் சாயமில்லை, அலுமினியத்தின் மேலேயே வளர்த்த காப்புப் படலம். அதையும் தேய்த்து எடுத்துவிட்டால் ஒரு மாதம் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு உப்புக் காற்று பட்ட இடமெல்லாம் பூக்கும். சேகரிப்பவர்களும் கீறலோடு இருக்கும் அசலுக்குத்தான் விலை கொடுப்பார்கள்.

சீன ரீலா என்று கேட்டீர்கள். சீன ரீல் என்றால் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாயிரம் ரூபாய் ரீல் இரண்டு வருடம் சிரமமில்லாமல் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். வேகமும் அதில் அதிகம், 7-க்கு 1 சர்வ சாதாரணம். தவளை லூரை, அதாவது தவளை வடிவப் போலி இரையை, வேகமாகச் சுற்றித் திரும்ப வீசுகிறவருக்கு அது வசதி. 5500சி மெதுவாகச் சுற்றும், கையில் கனம். ஆனால் தாமரைக் கொடிக்குள் விரால் தலையைச் செருகும்போது அந்த மெதுவான கியரின் இழுவை உங்கள் பக்கம் நிற்கும். சீன ரீலில் ஒரு கியர் போனால் அந்த மாடலே அடுத்த வருடம் இருக்காது. 5500சி-க்குக் கியர் இன்றும் தேடினால் அகப்படும். நாள் முழுக்க வீசுவதுதான் முக்கியம் என்றால் புதுசு வாங்குங்கள். பிரித்து மாட்டுவதிலும் ருசி இருந்தால் இதை வாங்குங்கள். எதை வாங்கினாலும் கண்மாய் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, சொல்லிவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரீலைப் பார்க்கப் போகும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும் கொண்டுபோங்கள். பாட்டில் சீராக ஏறி, கரகரப்பு சுற்று முழுக்க ஒரே மாதிரி இருந்தால், 3,000 என்று கேட்டுவிட்டு 3,500-க்கே வாங்கினாலும் நஷ்டமில்லை. சுற்றுக்கு ஐந்து தட்டு வந்தால் 2,000-க்கு மேல் போகாதீர்கள், பேரிங்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பினியனாக இருந்தால் மிச்சம் பிடித்த காசு அதற்கு ஆகும். சுற்றுக்கு ஒரே தட்டு என்றால் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். படத்திலோ வீடியோவிலோ இந்தத் தட்டை என்னால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் வீடியோ அனுப்ப வேண்டாம். எண்ணிப் பார்த்து, எத்தனை என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.